யார் வீட்டுக் கூரையில் சோதிக்கிறோம்?

கட்டடக்கலைக் கல்லூரிகளில் இறுதியாண்டில் காலடி வைக்கும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவர்களே,

தீசிஸுக்குத் தலைப்பு கொடுக்கவேண்டிய காலம் இது. நீங்கள் தரப்போகும் தலைப்புகள் பலவற்றில் 'பரிசோதனை', 'புதுமை' என்ற சொற்களில் ஏதாவது ஒன்று இருக்கும். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். இந்த வயதில் துணிந்து பார்க்காமல் வேறு எப்போது பார்ப்பது?

ஆனால் ஜூரியில் உட்காரும்போதெல்லாம் ஒரு கவலை வருகிறது. திரையில் கூரை அழகாக வளைந்து இறங்குகிறது. அந்தக் கூரையில் விழும் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு அதன் கீழே மனிதர் உட்கார முடியுமா, இதைக் கொத்தனாரிடம் எப்படிச் சொல்லிக் கட்ட வைப்பீர்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை. வடிவம் புதிதாக இருக்கிறது. அது எந்தக் கேள்விக்கு விடை என்பது மட்டும் தெரியவில்லை.

இந்தியாவின் தற்காலக் கட்டடக்கலையில் சோதனை என்று மரியாதையோடு சொல்லத்தக்கவை எல்லாம் ஒரு கேள்வியில் தொடங்கியவை. வெயிலை எப்படிச் சமாளிப்பது, இரும்பு கிடைக்காதபோது எப்படிக் கட்டுவது, கையில் பணமில்லாதவர் எப்படி வீடு எழுப்புவது என்ற நேரடியான கேள்விகள். கேள்விக்குப் பிறகு, கிடைத்த பதில் சரிதானா என்று பார்க்க ஒரு வழி வேண்டும். அதற்கும் பிறகு மூன்றாவதாக ஒன்று உண்டு: பதில் தப்பாகப் போனால் அந்த நட்டம் யார் தலையில் விழும்? இந்த மூன்றாவதைப் பற்றி வகுப்பறையில் பேச்சே எழுவதில்லை. அதைப் பேசத்தான் இந்த மடல்.

புதுச்சேரியிலிருந்து தொடங்குகிறேன். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி பற்றிப் படித்திருப்பீர்கள். படிக்காவிட்டால் இந்த விடுமுறையில் படியுங்கள். சண்டிகர் நகரம் வரைபடத்தில்கூட வராத 1930களில் தொடங்கி, 1940களின் தொடக்கத்தில் முடிந்த கட்டடம் அது. வடிவமைத்தவர் டோக்கியோவில் அலுவலகம் நடத்திய ஆன்டனின் ரேமண்ட். பணியிடத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்கள் ஜார்ஜ் நாகஷிமாவும் ஃபிரான்டிசெக் சாமரும். இந்தியாவில் வலுவூட்டிய கான்கிரீட்டில் எழுந்த முதல் நவீனக் கட்டடங்களில் ஒன்று.

கேள்வி எளிமையானது. கடலோர வெக்கையில், மின்விசிறியை நம்பாமல், ஒரு சாதகர் தன் அறையில் தனிமையோடும் காற்றோடும் இருப்பது எப்படி? இதற்குப் பதிலாக, வடக்கு தெற்கு முகங்கள் முழுவதையும் கண்ணாடி இல்லாமல் விட்டார்கள். அங்கே திருப்பிக்கொள்ளக்கூடிய கிடைப்பலகைகளை வரிசையாகப் பொருத்தினார்கள். வெயில் ஏறினால் சாய்க்கலாம், காற்று வேண்டுமானால் திறக்கலாம், மழை வந்தால் மூடலாம். அறைக் கதவுகளும் தேக்குச் சட்டங்களால் ஆனவை. மூடியிருந்தாலும் காற்று உள்ளே வரும், ஆனால் வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. கூரைத் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டு அடுக்கினார்கள். வெயில் அந்த மேல்கூரையைச் சுடும், இடையில் இருக்கும் காற்று சூட்டைக் கொண்டுபோய்விடும்.

இதில் உங்களுக்கு நான் காட்ட விரும்புவது வேறு. வரைபடத்தை மட்டும் நம்பாமல் முழு அளவிலேயே மாதிரி கட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார்கள். கட்டுமானத்தில் கைகொடுத்தவர்களில் பெரும்பகுதியினர் ஆசிரமவாசிகள். கட்டி முடித்து அங்கே குடியேறியவர்களும் ஆசிரமவாசிகள். பலகை இறுகிப்போயிருந்தால், கூரை ஒழுகியிருந்தால், அவஸ்தைப்பட்டிருக்க வேண்டியவர்கள் கட்டியவர்களே.

இதே ஒழுக்கத்தைப் பிற்காலத்திலும் பார்க்கலாம். பால்கிருஷ்ண தோஷி அகமதாபாதில் 1980இல் எழுப்பிய 'சங்காத்' அவருடைய சொந்த அலுவலகம். பாதி தரைக்குக் கீழே இறங்கிய தளம், மேலே பீப்பாய் வடிவக் கவிகைகள், அந்தக் கவிகையின் நடுவே வெப்பத்தைத் தடுக்க உள்ளீடற்ற சுடுமண் துண்டுகள், வெளிப்புறத்தில் உடைந்த வெள்ளைப் பீங்கான் சில்லுகள். வெயிலைத் திருப்பி அனுப்பும் இந்தக் கூரையின் கீழ் தன் உதவியாளர்களோடு பல ஆண்டுகள் தானே உட்கார்ந்து வேலை பார்த்தார். 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் அவர். அந்தப் பரிசைவிட, தன் கூரையின் கீழ் தானே உட்கார்ந்தார் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அனுபமா குண்டூ ஆரோவில்லில் 2000இல் கட்டிமுடித்த 'வால் ஹவுஸ்' அவர் குடியிருந்த வீடு. லாரி பேக்கர் திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் கட்டிய 'ஹேம்லெட்' அவருடைய குடும்ப வீடு. தண்ணீர் அரிதான ஒரு பாறைச் சரிவில் சிறிதாகத் தொடங்கி, பழைய மரம், பழைய ஓடு, மிஞ்சிய செங்கல் ஆகியவற்றைச் சேர்த்துச் சேர்த்து வளர்த்த வீடு. அங்கே சரிப்பட்டு வந்ததையே ஊராருக்குச் சொன்னார்.

பேக்கரின் வேலையை இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, 1945இல் தொழுநோயாளிகளுக்கான பணிக்காக இந்தியா வந்தவர். பித்தோராகரின் மலைக் கிராமங்களில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, அங்கிருந்த கொத்தர்களிடமும் தச்சர்களிடமும் பாடம் படித்தார். கேரளத்துக்கு வந்தபின், பொருளியலாளர் கே. என். ராஜ் உருவாக்கிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்குத் திருவனந்தபுரத்தின் உள்ளூர் என்ற பகுதியில் 1970களின் தொடக்கத்தில் ஒரு வளாகம் கட்டத் தொடங்கினார். வறுமையையும் வளர்ச்சியையும் ஆராயும் நிறுவனம் தன் சொந்தக் கட்டடத்தில் எவ்வளவு செலவழிக்கலாம் என்பது அங்கே எழுந்த கேள்வி.

அதற்கு அவர் கண்ட விடைகளில் ஒன்று, சைட்டில் 'ராட் ட்ராப்' என்று சொல்லும் எலிப்பொறிக் கட்டு. செங்கல்லை வழக்கம்போலப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்துவது. மூன்று அங்குலத்தில் வெளிப்பக்கம் ஒரு கல், மூன்று அங்குலத்தில் உள்பக்கம் ஒரு கல், நடுவில் மூன்று அங்குலம் வெற்றிடம். அடுத்து இரண்டையும் கோத்துப் பிடிக்கும் குறுக்குக் கல். சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம். ஆனால் செங்கல்லில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சம், கலவையும் குறைவு. நடுவில் நிற்கும் காற்று வெளிச்சூட்டை உள்ளே விடத் தயங்கும். மின்குழாயை அந்த வெற்றிடத்திலேயே இறக்கிவிடலாம். கல் ஒழுங்காக இருந்தால் பூச்சும் வேண்டாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. சைட்டில் நின்று பாருங்கள். நாட்டுச் செங்கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு; நிறுத்தி வைத்தால் வரிசை ஏறி இறங்கும். சேம்பர் செங்கல்லாகப் பார்த்துப் பொறுக்கவேண்டும். கரண்டியில் அள்ளும் கலவை நடு வெற்றிடத்தில் விழுந்துகொண்டே இருந்தால், மிச்சம் பிடித்தது எல்லாம் அங்கே போய்விடும். காற்றுப் பாதையும் அடைபடும். சில் மட்டத்திலும் லிண்டல் மட்டத்திலும் வெற்றிடம் விடாமல் ஒரு வரிசை முழுக்கல் வைத்தாகவேண்டும். இவையெல்லாம் உங்கள் ஏ-ஒன் தாளில் இல்லை. கொத்தனாரின் கையில்தான் இருக்கின்றன. பேக்கர் இதை உணர்ந்ததால்தான் நாள் முழுவதும் சைட்டில் நின்றார். கொத்தர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் புரியும்படி தன் கையாலேயே படம் வரைந்து சிறு கையேடுகள் வெளியிட்டார். 1985இல் அச்சுத மேனன், கே. என். ராஜ், டி. ஆர். சந்திரதத் ஆகியோரோடு சேர்ந்து காஸ்ட்ஃபோர்ட் அமைப்பைத் தொடங்கினார். ஒருவரின் சோதனை அதன் வழியாகப் பல கொத்தர்களின் தொழிலாயிற்று. இன்றும் கேரளத்தில் எலிப்பொறிக் கட்டு தெரிந்த ஆளைத் தேடிப் பிடிக்க முடிகிறது.

அவருடைய ஃபில்லர் ஸ்லாப் இன்னொரு பாடம். ஸ்லாபின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைக் கம்பிதான் தாங்குகிறது. கான்கிரீட் அங்கே கம்பியைப் பொதிந்து வைத்திருக்கிறது, அவ்வளவே. இது முதலாண்டுப் பாடம், எல்லாரும் எழுதி மதிப்பெண் வாங்கியது. அப்படியானால் கம்பிகளுக்கு இடையே அந்தக் கான்கிரீட்டை எடுத்துவிட்டு இரண்டு மங்களூர் ஓடுகளை வைத்தால் என்ன? எடை குறையும், சிமெண்ட் குறையும், ஓடுகளுக்கு நடுவே நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும், அண்ணாந்து பார்த்தால் சிவப்பு ஓட்டின் கோலம் தெரியும். பாடப்புத்தகத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு உண்மையை யாரோ ஒருவர் கடைசிவரை நம்பினார் என்பதுதான் இதிலுள்ள புதுமை.

ஆரோவில்லுக்கு வருவோம். 1989இல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம், சூளை இல்லாமல் மண்ணையே கல்லாக்கும் வேலையை எடுத்துக்கொண்டது. மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, கையால் இயக்கும் எந்திரத்தில் அழுத்தி எடுத்து, நான்கு வாரம் ஈரம் போகாமல் மூடிவைத்துப் பதப்படுத்துகிறார்கள். விறகும் நிலக்கரியும் தேவையில்லை.

இதன் முதல் வேலையே மண்ணோடு பேசுவதுதான். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் அடியில் உட்காரும், வண்டல் அதன்மேல், களி கடைசியில். எது எவ்வளவு என்று கண்ணாலேயே அளக்கலாம். சிமெண்ட் கலக்கும் மண்ணில் ஏறக்குறைய பாதி மணலும் ஐந்தில் ஒரு பங்கு களியும் இருந்தால் நல்லது. களி மிகுந்த மண்ணுக்குச் சிமெண்ட்டைவிடச் சுண்ணாம்பு பொருந்தும். ஆரோவில்லின் செம்மண்ணுக்குச் சரியான கலவையை அப்படியே எடுத்துக்கொண்டு போய் கோவில்பட்டிக் கரிசலில் போட்டால் கல் வெடிக்கும். அதனால்தான் 'மண்வீடு கட்டுகிறோம்' என்று பொதுவாக எழுதி வரும் தீசிஸைப் பார்த்தால், எந்த ஊர் மண், சோதித்தீர்களா என்று கேட்கிறேன்.

அதே வட்டாரத்தில் குண்டூ செய்ததைப் பாருங்கள். வால் ஹவுஸில் அந்தப் பகுதியில் நெடுங்காலமாகச் செய்துவந்த மெல்லிய அச்சுக்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கினார். கூரைக் கவிகைக்குக் குயவர் செய்த சுடுமண் குழல்கள், தளத்துக்கு உள்ளே கவிழ்த்த மண்பானைகள். 2012இல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் இந்த வீட்டை முழு அளவில் மறுபடி கட்டினார்கள். இங்கிருந்து போன கைவினைஞர்களும் ஆஸ்திரேலிய மாணவர்களும் சேர்ந்து எழுப்பியது அது. உலகம் வந்து பார்த்த அந்தச் சுவரின் நேர்த்தி, கரண்டி பிடித்த கைகளின் நேர்த்தி.

புதுச்சேரியில் 1971 முதல் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தை நடத்திவந்த ரே மீக்கரின் சோதனையை நான் மாணவர்களுக்கு மறக்காமல் சொல்வேன். பச்சை மண்ணில் வீட்டைக் கட்டி, உள்ளே பச்சைச் செங்கல்லையும் ஓட்டையும் அடுக்கி, அந்த வீட்டையே சூளையாக்கித் தீமூட்டிச் சுட்டெடுத்தார். வீடும் வெந்து கெட்டியாகும், உள்ளே வெந்த கல்லை விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்பது கணக்கு. 1980களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் இதைச் செய்து பார்த்தார். எரிபொருள், மேற்பார்வை, திறமையான ஆள் என்று ஒவ்வொன்றும் கேட்ட விலையால் அது ஊர்தோறும் பரவும் முறையாகவில்லை. ஆனால் வீணாகவும் இல்லை. செய்தது எல்லாம் தெரிந்த அறிவாக நின்றதால், 2008இல் புதுச்சேரியில் வீடற்ற குழந்தைகளுக்கான இல்லத்தைக் கட்டும்போது குண்டூ அந்த முறையை மீண்டும் கையில் எடுக்க முடிந்தது. பரவாத சோதனையும் பதிவாகியிருந்தால் அடுத்தவருக்கு முதலாகும்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். சொந்தக் கூரையில் சோதிக்கலாம், சரி. ஏழைகளுக்குக் கட்டும்போது? அவர்களுக்குச் சோதனையே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வேண்டாம் என்றால் அவர்களுக்கு மிஞ்சுவது நாடு முழுவதும் ஒரே அச்சில் வார்க்கும் தீப்பெட்டி அடுக்குமாடி. அவர்கள் வீட்டுக்குள் புதுப்புது யோசனைகளைக் கொண்டுபோனால், அவை தப்பாகும்போது நட்டம் தாங்க வழியில்லாதவர் தலையில் போய் விழும். இந்தச் சிக்கலை இந்தியாவில் இருவர் யோசித்த விதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒருவர் தோஷி. இந்தூரின் ஆரண்யா குடியிருப்பை வரைவதற்கு முன், அவருடைய வாஸ்து-சில்பா அறக்கட்டளையும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தினரும் இந்தூரின் குடிசைப் பகுதிகளை அளந்து ஆராய்ந்தார்கள். வாசல் திண்ணையில் என்ன நடக்கிறது, மரத்தடியில் யார் கடை போடுகிறார், சந்து எங்கே அகன்று எங்கே குறுகுகிறது என்று பார்த்துக் குறித்தார்கள். பிறகு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்தது அடித்தளம், கழிப்பறை, தண்ணீர் இணைப்பு, ஓர் அறை. மிச்சத்தை அவரவர் கையில் காசு சேரும்போது கட்டிக்கொள்ளலாம். எப்படி வளர்க்கலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகளை மட்டும் கட்டினார். 6,500க்கும் அதிகமான வீடுகள், 80,000 பேர் என்ற அளவில் இருக்கும் குடியிருப்பு அது. 1995இல் ஆகா கான் விருது கிடைத்தது. இதில் கட்டடக்கலைஞர் எடுத்த முடிவுகள் குறைவு. அதனால் அவர் தப்பு செய்யக்கூடிய இடமும் குறைவு. திருத்தும் உரிமை குடியிருப்பவருக்கு.

இன்னொருவர் சார்லஸ் கொரியா. நவி மும்பையின் பேலாப்பூரில் 1980களில் அவர் கட்டிய குடியிருப்பில், ஏழு ஏழு வீடுகளாக ஒரு சிறு முற்றத்தைச் சுற்றி நிற்கும். எந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் கிடையாது. இடம் நெருக்கடியான ஊரில் இது ஊதாரித்தனம் என்று தோன்றும். காரணம் இதுதான்: உங்கள் வீட்டின் மேல் ஒரு மாடி எடுக்க அடுத்த வீட்டுக்காரரின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இன்று அங்கே போனால் பல வீடுகள் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கின்றன. படம் எடுக்கப்போனவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அது சோதனை பலித்ததற்குச் சான்று.

அதே கொரியாவின் இன்னொரு வேலை, சோதனைகளை நாம் எப்படித் தொலைக்கிறோம் என்பதற்கும் சான்று. 1960களின் தொடக்கத்தில் குஜராத் வீட்டுவசதி வாரியம் நடத்திய போட்டியில், மாடிக் குடியிருப்புகளையே எல்லாரும் எதிர்பார்த்த இடத்தில், அதே நெருக்கத்தைத் தரைவீடுகளாலேயே தரமுடியும் என்று காட்டி வென்றது அவருடைய 'குழாய் வீடு'. அகலம் 12 அடி, நீளம் 60 அடி. கதவருகே கிடைப்பலகைகள் வழியாகக் காற்று நுழையும். உள்ளே சூடாகும் காற்று சரிந்து ஏறும் கூரையின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டே மேலே போய் உச்சித் திறப்பில் வெளியேறும். வீட்டின் வெட்டுமுகமே விசிறியாக வேலை செய்யும். மின்சாரமே வேண்டாத இந்த விடையை அகமதாபாதின் பரேக் வீட்டில் இன்னும் வளர்த்து, கோடைக்கு ஒரு வெட்டுமுகம், குளிர்காலத்துக்கு ஒரு வெட்டுமுகம் என்று வைத்தார். மாதிரிக்காகக் கட்டிய குழாய் வீட்டை 1995இல் இடித்துவிட்டார்கள். ஏசியின் மாதத் தவணை கட்டும் இந்தக் காலத்தில் அந்த வீட்டுக்குள் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இல்லை.

டெல்லியின் ஹால் ஆஃப் நேஷன்ஸும் அப்படித்தான் போயிற்று. 1972இல் ஆசியக் கண்காட்சிக்காக ராஜ் ரேவல் வடிவமைத்து, மகேந்திர ராஜ் பொறியியல் கணக்குப் போட்ட மண்டபம். நடுவில் தூணே இல்லாத அத்தகைய முப்பரிமாணச் சட்டகத்தை மற்ற நாடுகள் இரும்பில் செய்தன. இங்கே இரும்புக்குத் தட்டுப்பாடு. ஆள் பலமோ நிறைய. எனவே அதையே கான்கிரீட்டில், அதே இடத்தில், கையால் வார்த்தார்கள். அந்த அளவில் உலகில் அதுவே முதல். 2017 ஏப்ரலில் அதை இடித்தார்கள். பாரம்பரியக் கட்டடமாகப் பார்க்க அறுபது வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்ற அளவுகோல் குறுக்கே நின்றது. அதற்கு வயது 45. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் லூயி கான் கட்டிய விடுதிகளில் பதினான்கை இடிக்கும் முடிவு 2020 டிசம்பரில் வந்தபோது, உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் அடுத்த சில நாட்களில் அதை அப்போதைக்குத் திரும்பப் பெற்றார்கள். எதிர்த்துக் கையெழுத்திட்டவர்களில் மாணவர்களும் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சோதனைக் கட்டடத்தை இடிப்பது என்றால் அதன் ஆய்வுக் குறிப்பேட்டைக் கொளுத்துவது.

கட்டடம் போனாலும் அறிவு நிற்பதற்கு ஒரு வழி உண்டு. அது தரநிர்ணயமும் விலைப்பட்டியலும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய அஸ்த்ரா திட்டத்தில், கே. எஸ். ஜகதீஷும் தோழர்களும் மண்கல்லுக்கு எந்திரம் செய்தார்கள், அழுத்தி உடைத்து வலுவை அளந்தார்கள், மழையில் வைத்துப் பார்த்தார்கள். மண்கல்லுக்கு ஐஎஸ் 1725 என்ற இந்தியத் தரநிர்ணயம் இருக்கிறது. அரசு எஸ்டிமேட்டில் ஒரு பொருள் இடம்பெற இதுபோன்ற எண்தான் கதவு திறக்கும். அண்மையில், சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்து கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் எல்சி3 சிமெண்ட்டில் டெல்லி, சென்னை ஐஐடிகள் சுவிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உழைத்தன. 2023இல் ஐஎஸ் 18189 வந்தது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட்டிலிருந்து வருகிறது. ஐஎஸ் எண் வாங்கித் தருவதில் பத்திரிகைப் புகைப்படம் கிடையாது. ஆனால் வளைந்த கூரை நூறைவிட இந்த ஒரு எண் அதிக வீடுகளைத் தொடும்.

தரநிர்ணயத்துக்குள் போகாமல் அழிந்த அறிவும் நம்மிடம் உண்டு. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குறுக்காக நிறுத்தி, சுண்ணாம்பால் ஒட்டி, மேலே செங்கல் ஜல்லி கொட்டி இடித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் சென்னையின் பழைய வீடுகளில் இன்னும் நிற்கிறது. அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பாருங்கள். அந்த வித்தை வாய்மொழியாகவே வந்தது. வாய் ஓய்ந்ததும் ஓய்ந்தது.

இன்று சோதனைக்குக் கருவிகள் பெருகியிருக்கின்றன. சென்னை ஐஐடி வளாகத்தில் 2021இல் முப்பரிமாண அச்சு முறையில் ஒரு வீடு எழுந்தது. பெங்களூருவில் 2023இல் ஒரு அஞ்சலகம் அதே முறையில் திறந்தது. இரண்டு முறையும் எத்தனை நாளில் முடிந்தது என்பதே தலைப்புச் செய்தியாயிற்று. நீங்கள் கேட்கவேண்டியது வேறு. மே மாதத்தில் சுவரின் உள்பக்கம் எத்தனை டிகிரி? பத்து ஆண்டில் விரிசல் விட்டால் பூசித் தரும் கொத்தனார் யார்? சதுர அடிக்கு எவ்வளவு சிமெண்ட் போனது? கேள்வி கேட்பது அந்த முயற்சியைக் குறைத்துப் பேசுவதாகாது. கேள்விதான் அதைச் சோதனையாக்குகிறது.

அதனால் உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

தீசிஸின் முதல் பக்கத்தில் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் மென்பொருளைத் திறக்காதீர்கள்.

நீங்கள் முன்வைக்கும் சுவரை ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டராவது கல்லூரி வளாகத்தில் முழு அளவில் கட்டுங்கள். அதை ஒரு மழைக்காலமாவது வெளியில் நிற்க விடுங்கள். உள்ளும் புறமும் வெப்பமானி வையுங்கள். அந்த எண்கள் ஜூரி தாளில் ரெண்டருக்கு மேலே இருக்கட்டும். எண்கள் எதிர்பார்த்தபடி வராவிட்டால் அதையும் அப்படியே போடுங்கள். நேர்மையாகத் தோற்ற சுவருக்கு முழு மதிப்பெண் தரவேண்டும் என்று உங்கள் ஆசிரியர்களுக்கும் இந்த மடல் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

வால் ஹவுஸ் கட்டி இருபது ஆண்டு தாண்டிவிட்டது. பேக்கரின் வளாகம் ஐம்பதைத் தாண்டிவிட்டது. அனுமதி பெற்று இத்தகைய கட்டடம் ஒன்றுக்குப் போய், எங்கே ஒழுகுகிறது, எதை மாற்றினார்கள், எதை இன்னும் விரும்புகிறார்கள் என்று குடியிருப்பவர்களிடமும் பராமரிப்பவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். புதிதாக ஒன்றை வரைவதைவிட இது நாட்டுக்குப் பெரிய உதவி. நம்மிடம் சோதனைகள் குறைவில்லை. சோதனைகளுக்குப் பிந்தைய அறிக்கைகள்தான் இல்லை.

வரைபடத்தின் தலைப்புப் பெட்டியில் உங்கள் பெயர், ஆசிரியர் பெயர், கல்லூரிப் பெயர் எல்லாம் இருக்கும். சுவரைக் கட்டிக்கொடுத்த கொத்தனாரின் பெயரையும், அவர் விரும்பினால், அங்கே எழுதுங்கள். அவர் சொல்லித்தந்த நுணுக்கத்தை அவர் சொன்னதாகவே பதியுங்கள்.

கடைசியாக, பட்டம் வாங்கி வெளியே வந்தபின் ஒருவர் தன் ஆயுள் சேமிப்பை உங்கள் முன் வைத்து வீடு கேட்பார். இன்னும் எங்கும் சோதித்துப் பார்க்காத ஒரு யோசனை அப்போது உங்கள் மனதில் இருக்கலாம். அவரிடம் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். முதலில் உங்கள் அலுவலகக் கூரையிலோ உங்கள் வீட்டு மாடியிலோ அதைக் கட்டிப் பாருங்கள். அதன் கீழே ஒரு கோடையும் ஒரு மழையும் நீங்களே இருந்து பாருங்கள். தாங்கினால் அவருக்குக் கட்டுங்கள்.

வாழ்த்துகளுடன்,
உங்கள் ஜூரியில் உட்காரப்போகும் ஒருவர்